நாலு பெட்டி தக்காளிக்காய் பறித்து வைத்திருக்கிறோம், கொட்ட மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

கிணற்றடி_மகள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முழுசாகச் சொன்னால்தான் சரியான பதில் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊர் உசிலம்பட்டியிலிருந்து எழுமலை போகிற வழியில் இருக்கிறது. அப்பாவுக்கு 71 வயது. கிணற்றை ஒட்டி உள்ள 15 சென்டில் ஆவணி முதல் வாரம் தக்காளி நாற்று நட்டார். பி.கே.எம். 1 ரகம். ஆள் வைக்காமல் அவரே களை எடுத்து, குச்சி ஊன்றி, சணல் கயிறு கட்டி வளர்த்தார். ஐப்பசியில் இரண்டு பறிப்பு வந்தது. மூன்றாவது பறிப்புக்குக் காய் கொத்துக் கொத்தாக நின்றபோதுதான் மழை பிடித்தது. மூன்று நாள் விடவே இல்லை. எங்களுடையது கரிசல் மண், தண்ணீர் சீக்கிரம் வடியாது. நாலாம் நாள் காலையில் பார்த்தால் செடியெல்லாம் தலையைத் தொங்கப் போட்டு நிற்கிறது. "வேரு மூச்சு முட்டிப் போச்சு, இனி எந்திரிக்காது" என்று அப்பா சொல்லிவிட்டார்.

நான் மதுரையில் விளக்குத்தூண் பக்கம் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். சனிக்கிழமை இரவு ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி ஊருக்கு வந்துவிட்டேன். ஞாயிறு முழுக்க நானும் அப்பாவும் செடியில் இருந்ததை எல்லாம் பறித்தோம். 14 கிலோ பிடிக்கிற பெட்டியில் நாலு பெட்டி நிரம்பியது. வழக்கமாக எடுக்கிற வியாபாரியிடம் கேட்டால், செங்காயாக இருந்தால் எடுத்துக்கொள்கிறேன், பச்சைக் காயை யார் வாங்குவார்கள் என்கிறார். அப்பா ஒன்றும் பேசாமல் பெட்டிகளைத் தாழ்வாரத்தில் அடுக்கிவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். எனக்குப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அம்மா தக்காளிக்காயில் துவையல் அரைப்பார். கேப்பைக் களிக்கு அதைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டது நன்றாக நினைவிருக்கிறது. எப்படிச் செய்தார் என்று பக்கத்தில் நின்று ஒரு நாளும் பார்த்ததில்லை. பெரியம்மாவைக் கேட்டேன். "பச்சைத் தக்காளி விஷம்டி, வயித்தைப் பிடுங்கும், கீழே கொட்டு" என்கிறார். அம்மா செய்து நாங்கள் அத்தனை வருடம் சாப்பிட்டிருக்கிறோமே!

உண்மையிலேயே அது விஷமா? இதில் எவ்வளவு பழுக்கும்? மிச்சத்தை ஊறுகாய் மாதிரி ஏதாவது போட்டு வைக்க முடியுமா, அதுவும் வெயிலே இல்லாத இந்த நாளில்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். இன்னும் நாலு நாள் லீவு சொல்லியிருக்கிறேன்.


திருநகர்_மாடித்தோட்டம் எழுதியது:

சகோதரி, தயவுசெய்து ஒன்று மட்டும் செய்துவிடாதீர்கள். காயை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். போன வருடம் என் மாடித் தொட்டிகளிலிருந்து இதே மாதிரி ஆறு கிலோ பறித்து, கெட்டுவிடுமே என்று பயந்து ஃப்ரிட்ஜில் அடைத்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து வெளியே எடுத்தால் பழுக்கவும் இல்லை, காயாகவும் இல்லை. தோல் சுருங்கி, உள்ளே மாவு மாதிரி ஆகி, ருசியே போய்விட்டது. குளிரில் ஒரு தடவை அடிபட்ட காய் அப்புறம் ஒழுங்காகப் பழுப்பதே இல்லை.

பழுக்கப் போடுகிறதைத் தினத்தாள் விரித்து ஒரே அடுக்காகப் பரப்புங்கள். காம்பு இருந்த பக்கம் கீழே இருக்கட்டும். ஒன்றை ஒன்று தொடக் கூடாது.

இன்னொன்று. பச்சைக் காயை யார் வாங்குவார்கள் என்று அந்த வியாபாரி கேட்டாராம். மதுரை அண்ணாநகர் உழவர் சந்தையில் நானே கேட்டு வாங்கியிருக்கிறேன். 1999 நவம்பர் 14 அன்று தமிழ்நாட்டிலேயே முதலில் திறந்த உழவர் சந்தை அது. அங்கே வருகிறவர்களில் வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பங்கள் நிறைய. தக்காளிக்காயைப் போட்டுப் பருப்பு கடைவது அவர்களுக்கு அன்றாடச் சமையல். அப்பாவிடம் உழவர் அடையாள அட்டை இருந்தால் ஒரு பெட்டியையாவது கொண்டுபோய்ப் பாருங்கள்.


பரவை_அத்தை எழுதியது:

தாயி, அப்பாவை முதலில் பெட்டி பக்கத்திலிருந்து எழுப்பி வேலை கொடு. நாலு பெட்டியையும் தாழ்வாரத்தில் ஒரு பழைய சாக்கை விரித்து மெதுவாகக் கொட்டச் சொல். கொட்டிப் பரப்பினால்தான் என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். தக்காளிக்காய் என்று பொதுவாகச் சொல்கிறோம், ஆனால் அந்தப் பெட்டிக்குள் நாலு விதமான சாமான் இருக்கும். நாலையும் ஒன்றாகப் போட்டுச் செய்கிறவர்களுக்குத்தான் கசக்கிறது, வயிறு வலிக்கிறது, ஊறுகாய் கெட்டுப்போகிறது.

செங்காய் ஒரு குவியல். அடியில் லேசாக வெளுத்துச் சிவப்பு ஏறத் தொடங்கியது. அது தானே பழுத்துவிடும், அதில் கை வைக்காதே.

முற்றின காய் ஒரு குவியல். நல்ல பருமன் வந்திருக்கும், தோல் பளபளவென்று இருக்கும், பச்சை கொஞ்சம் வெளுத்திருக்கும். காயைத் திருப்பி அடியைப் பார்த்தால் வெள்ளையாக நட்சத்திரம் போட்ட மாதிரி தெரியும். சந்தேகமாக இருந்தால் ஒன்றை எடுத்துக் குறுக்கே வெட்டு. உள்ளே கொழகொழவென்று இருந்து, கத்தி படும்போது விதை வழுக்கிக்கொண்டு விலகினால் முற்றின காய். விதையும் சேர்ந்து வெட்டுப்பட்டால் அது இன்னும் பிஞ்சு. உன்னுடைய துவையல், ஊறுகாய், கூட்டு எல்லாம் இந்த முற்றின காயில்தான்.

பிஞ்சு மூன்றாவது. கோலிக்குண்டு அளவில், மங்கின பச்சையாக, தொட்டால் கல் மாதிரி இருக்கும். அது பழுக்கவும் பழுக்காது, சமைத்தாலும் கசக்கும். உரக்குழியில் போட்டுவிடு. அதில் பாசம் வைக்காதே.

நாலாவது, மழையில் வெடித்தது, அடிபட்டது, பழுப்பாகத் திட்டு விழுந்தது. வெடிப்பு மட்டும் புதிதாக இருந்தால் வெட்டிவிட்டு அன்றைக்கே குழம்பில் போடலாம். பழுப்புத் திட்டு, அழுகல் வாசனை என்றால் மற்ற காயோடு ஒரு மணி நேரம்கூட வைக்காதே. பூஞ்சணம் பக்கத்துக் காய்க்குத் தாவும்.

இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் தெருவில் பத்துப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து 11 வருடம் ஊறுகாய் போட்டோம். பரவை மார்க்கெட்டில் தக்காளி விலை விழுந்த நாளில் காயாகவே வாங்குவோம். ஒரு கார்த்திகையில் 20 கிலோ வாங்கி, அவசரத்தில் கழுவின கையோடு ஈரம் போகாமல் வெட்டி உப்புப் போட்டுவிட்டோம். அடிபட்டதையும் ஒதுக்கவில்லை. ஆறாம் நாள் ஜாடித் துணியை அவிழ்த்தால் மேலே வெள்ளையாகப் பூத்து நிற்கிறது. மேலாக வழித்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளலாம் என்று ஒருத்தி சொன்னாள். நான் விடவில்லை. கண்ணுக்குத் தெரிவது மேலே இருக்கிறதுதான், அதன் வேர் உள்ளே போயிருக்கும். மொத்தத்தையும் குழி தோண்டிக் கொட்டினோம். பத்துப் பேர் உழைப்பு அது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

சரி, துவையலுக்கு வருகிறேன். முற்றின காய் அரைக் கிலோ. கழுவித் துடைத்து, காம்பு இருந்த குழியைக் கத்தி முனையால் தோண்டி எடுத்துவிட்டு நாலாக வெட்டிக்கொள். இரும்புச் சட்டியில் நல்லெண்ணெய் ஒரு கரண்டி விட்டு, உளுத்தம்பருப்பு இரண்டு ஸ்பூன், வரமிளகாய் எட்டு, பெருங்காயம் ஒரு சுண்டைக்காய் அளவு, மூன்றையும் சிவக்க வறுத்து எடுத்து வை. அதே எண்ணெயில் சின்ன வெங்காயம் பத்து, பூண்டு இரண்டு பல், அப்புறம் காய். காய் தண்ணீர் விடும். அந்தத் தண்ணீர் வற்றி, பச்சை நிறம் மாறி, ஓரம் லேசாகக் கருகும்வரை வதக்கு. இந்த இடத்தில்தான் அவசரப்படுவார்கள். வதக்கல் போதவில்லை என்றால் பச்சை வாசனை நாக்கிலேயே நிற்கும். புளி ஒரு கொட்டைப்பாக்கு அளவு போதும், காயிலேயே புளிப்பு இருக்கிறது. பருப்பைக் கொரகொரப்பாக அரைத்துவிட்டுக் கடைசியில் காயைப் போட்டு இரண்டு இழுப்பு இழுத்து வழித்துவிடு. மைய அரைத்தால் சட்னி ஆகிவிடும்.

உன் அம்மா துவையலில் என்ன வாசனை வந்தது என்று நினைவிருக்கிறதா? ஒவ்வொரு வீட்டிலும் ஏதாவது ஒன்று கூடப் போடுவார்கள். எள் போடுவார்கள், வேர்க்கடலை போடுவார்கள், தேங்காய் போடுவார்கள். சொன்னால் கண்டுபிடித்துவிடலாம்.

ஊறுகாய்க்குத் தனியாக எழுதுகிறேன். அடுப்பில் பால் இருக்கிறது.


கிணற்றடி_மகள் எழுதியது:

அத்தை, உங்கள் பதிலை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்ச் சாக்கை எடுத்து வந்தார். இப்போது இரண்டு பேரும் பிரித்து முடித்துவிட்டோம். செங்காய் ஒன்பது கிலோ இருக்கும். முற்றின காய்தான் அதிகம், முப்பது கிலோவுக்குக் குறையாது. பிஞ்சு ஒரு பெட்டிக்குக் கொஞ்சம் குறைவு. மிச்சம் வெடித்ததும் அழுகினதும்.

அம்மாவின் துவையலில் எள் வாசனை இல்லை, தேங்காயும் இல்லை. மண் வாசனை மாதிரி, வறுத்த வாசனை ஒன்று வரும். எனக்கு அதைச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

இங்கே இன்னும் தூறிக்கொண்டுதான் இருக்கிறது. வெயிலில் காய வைக்கிற வழி எதுவும் எனக்குச் சரிப்படாது. பெரியம்மா சொன்ன விஷயத்துக்கும் யாராவது பதில் சொல்லுங்கள். அப்பா சாப்பிடப் போகிறார், அதனால் கேட்கிறேன்.


பெரியகுளத்து_மாணவன் எழுதியது:

அக்கா, நான் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் படித்தவன். உங்கள் அப்பா நட்ட பி.கே.எம். 1 எங்கள் கல்லூரி ரகம்தான், பெயரில் உள்ள பி.கே.எம். என்பதே பெரியகுளம். தேனிப் பக்கம் பயிராகிவந்த அன்னஞ்சி என்ற நாட்டுத் தக்காளியின் மரபணுவில் திடீர் மாற்றம் (மியூட்டேஷன்) செய்து எடுத்தது. காயாக இருக்கும்போது தோள்பட்டை மட்டும் கரும்பச்சையாக இருப்பது அந்த ரகத்தின் அடையாளம். அதனால் நீங்கள் பிரிக்கும்போது மேல்பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், முற்றின காயையும் பிஞ்சு என்று ஒதுக்கிவிடுவீர்கள். அத்தை சொன்னபடி அடியைப் பாருங்கள். ஒதுக்கிய பிஞ்சுப் பெட்டியை ஒரு தடவை திரும்பக் கிளறிப் பார்ப்பது நல்லது.

பெரியம்மா சொன்னது வெறும் பயம் இல்லை, அதில் ஒரு உண்மை இருக்கிறது. தக்காளிச் செடி தன்னைப் பூச்சியிடமிருந்து காத்துக்கொள்ள டொமாட்டின் என்று ஒரு பொருளை உண்டாக்குகிறது. இலையிலும் தண்டிலும் அதிகம், பிஞ்சில் நிறைய, காய் முற்ற முற்றக் குறைந்துகொண்டே வரும். சின்னப் பச்சைக் காயில் கிலோவுக்குச் சில நூறு மில்லிகிராம் இருக்கலாம், சிவந்த பழத்தில் சில மில்லிகிராம்தான். கசப்பு அதனால்தான். வேக வைத்தால் எல்லாம் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள், அது சரியில்லை. வேகவைப்பதில் அது பெரிதாக அழியாது. ஆனால் உடம்பு அதை உறிஞ்சிக்கொள்வது மிகக் குறைவு, அதனால் முற்றின காயைத் துவையலாகவோ கூட்டாகவோ சாப்பிடுகிற அளவுக்குப் பயம் வேண்டாம். பிஞ்சைத் தவிர்க்க வேண்டும், இலையும் தண்டும் சட்டியில் விழக் கூடாது. அதே காரணத்துக்காகப் பிடுங்கிய செடியை மாட்டுக்கும் போடாதீர்கள். வயிறு லேசானவர்களுக்கு முதல் நாள் கொஞ்சமாகக் கொடுத்துப் பாருங்கள். காயின் புளிப்பே சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

இதைவிட முக்கியமாக நான் கேட்க நினைப்பது வேறு. கடைசியாக எப்போது மருந்து அடித்தீர்கள்? வழக்கமான பறிப்புக்குக் கணக்குப் போட்டு அடித்திருப்பீர்கள், செடி சாய்ந்ததால் முன்னாலேயே பறித்துவிட்டீர்கள். ஒவ்வொரு மருந்து டப்பாவிலும் அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று போட்டிருக்கும். அந்த நாள் கணக்கு முடிந்திருக்க வேண்டும்.

பழுக்கப் போடுவதைப் பற்றி. தக்காளி பறித்த பிறகும் தானே பழுக்கும் இனம், எத்திலீன் என்ற வாயுவைத் தானே விடும். நன்றாகப் பழுத்த இரண்டு வாழைப்பழத்தை நடுவில் வைத்தால் அதுவும் அதே வாயுவைக் கொடுத்துத் துணை செய்யும். 20 முதல் 25 டிகிரி வெப்பம் நல்லது. கார்த்திகையில் உங்கள் வீட்டு உள்ளறையில் ஏறத்தாழ அந்த அளவுதான் இருக்கும். சித்திரையில் இதே வேலையைச் செய்தால் 30 டிகிரிக்கு மேலே போய்விடும், அப்போது சிவப்பு நிறத்தைக் கொடுக்கிற லைக்கோபீன் சரியாக உண்டாகாது, பழம் மஞ்சளாகவே நின்றுவிடும். அந்த வகையில் இது நல்ல காலம். வெயிலில் வைக்க வேண்டாம், பழுப்பதற்கு வெளிச்சமே தேவையில்லை. தினமும் ஒரு தடவை பார்த்து, கசிந்ததை எடுத்துவிடுங்கள்.


மேலூர்_கருவாட்டுக்காரன் எழுதியது:

எங்கள் வீட்டில் ஐப்பசி, கார்த்திகையில் தக்காளிக்காயைத் தேடி வாங்குவோம். அப்போது மாங்காய் இருக்காது. நெத்திலிக் கருவாட்டுக் குழம்பில் மாங்காய் போடுகிற இடத்தில் முற்றின தக்காளிக்காயை நாலாகப் பிளந்து போட வேண்டும். புளியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். குழம்பு கொதித்து மசாலா வாசனை போன பிறகு காய், காய் முக்கால் வேக்காடு வந்ததும் கருவாடு, அப்புறம் பத்து நிமிடம். கத்தரிக்காயும் சேர்த்தால் இன்னும் நல்லது. மறுநாள் காலையில் பழைய சோற்றுக்கு அந்தக் குழம்பில் கிடக்கிற காய்தான் முதலில் தீரும்.

கருவாடு சாப்பிடாதவர்களுக்கு என் மனைவி சொல்கிற வழி: பாசிப்பருப்புக் கூட்டு. பருப்பை முதலில் தனியாக மலர வேகவைத்துவிட்டு அப்புறம்தான் காயைச் சேர்க்க வேண்டும். சேர்த்தே போட்டால் புளிப்புப் பட்டுப் பருப்பு வேகாமல் விரைத்து நிற்கும்.

பெட்டியை மேலூர்ப் பக்கம் கொண்டுவர முடிந்தால் நானே பத்துக் கிலோ வாங்கிக்கொள்கிறேன், உண்மையாகத்தான் சொல்கிறேன்.


பரவை_அத்தை எழுதியது:

அந்தத் தம்பி மருந்தைப் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. எனக்குத் தோன்றவில்லை.

வெயில் இல்லாத நாளில் அடுப்புதான் வெயில். தொக்காகக் கிளறிவிடு. நாங்கள் மழை மாதத்தில் அப்படித்தான் செய்வோம். அளவு சொல்கிறேன், எழுதிக்கொள்.

முற்றின காய் மூன்று கிலோ. முதல் நாள் இரவே கழுவித் துடைத்து, மின்விசிறிக்கு அடியில் துணியில் பரப்பிவிடு. காலையில் கை வைத்தால் சொட்டு ஈரம் இருக்கக் கூடாது. பொடியாக வெட்டிக்கொள். கல் உப்பு 175 கிராம் எடுத்து வெறும் சட்டியில் சூடு வர வறுத்துப் பொடி செய்துகொள், அதிலும் ஈரம் இருக்கும். கொட்டை எடுத்த புளி 150 கிராம். வரமிளகாய் 150 கிராம், ராமநாதபுரம் முண்டு கிடைத்தால் நிறமும் உறைப்பும் அளவாக இருக்கும். வெந்தயம் இரண்டு ஸ்பூன், கடுகு மூன்று ஸ்பூன், தனித்தனியாக வறுத்துப் பொடி. வெந்தயம் கருகினால் மொத்தமும் கசக்கும், பொன்னிறத்தோடு இறக்கிவிடு. செக்கு நல்லெண்ணெய் அரை லிட்டர். மஞ்சள்தூள், பெருங்காயம். வெல்லம் ஒரு எலுமிச்சை அளவு.

பாத்திரம் முக்கியம். அலுமினியத்திலும் பித்தளையிலும் வைக்காதே, புளிப்பு அதை அரிக்கும். அடி கனமான எவர்சில்வர், இல்லை என்றால் பழகின மண்சட்டி.

பாதி எண்ணெயைக் காயவைத்துக் காய், மஞ்சள், பாதி உப்பு போட்டு மூடாமல் வதக்கு. காய் விடுகிற தண்ணீரிலேயே புளியைப் போட்டுவிடு, வெளித்தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம். எல்லாம் வெந்து குழைந்ததும் இறக்கி ஆறவைத்து, மிளகாயைச் சேர்த்து ஒன்றிரண்டாக அரைத்து, மறுபடி அடுப்பில் ஏற்று. இனிமேல்தான் உண்மையான வேலை. மிச்ச எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, மிச்ச உப்பும் போட்டு, சின்னத் தீயில் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்றரை மணி நேரம் ஆகும். தெறிக்கும், நீளமான மரக்கரண்டி வைத்துக்கொள். கரண்டியால் இழுத்தால் சட்டியின் அடி தெரிந்து, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்க வேண்டும். அதற்கு முன்னால் இறக்கினால் ஒரு வாரத்தில் கெட்டுவிடும். கடைசியில் வெல்லம், பொடிகள், பெருங்காயம். மூன்று கிலோ காய்க்கு இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகத் தொக்கு வரும்.

நன்றாக ஆறிய பிறகு கண்ணாடிப் புட்டியில் போட்டு, மேலே விரல் அகலம் எண்ணெய் நிற்கிற மாதிரி காய்ச்சி ஆறின எண்ணெய் விடு. புட்டியைக் கொதிதண்ணீரில் போட்டு எடுத்து முழுக்கக் காயவைத்திருக்க வேண்டும்.

சிலர் இதில் பூண்டை முழுசாக உரித்துப் போட்டு எண்ணெய் ஊற்றி அடைக்கிறார்கள். நான் போடுவதில்லை. தம்பி, அது சரிதானா என்று நீயே சொல்.

வெயில் எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தால் ஒரு ஜாடி உப்புக்காயும் போட்டு வை. இரண்டு கிலோ காய்க்கு 200 கிராம் உப்பு, ஒரு ஸ்பூன் மஞ்சள். காய் விட்ட தண்ணீரில் துண்டுகள் மூழ்கியே இருக்க வேண்டும், தினமும் உலர்ந்த கரண்டியால் கிளற வேண்டும். மூன்று நாளில் பிழிந்து காயப் போடலாம். வெயில் வரவில்லை என்றால் இன்னும் நாலு நாள் உப்பிலேயே கிடக்கட்டும், ஒன்றும் ஆகாது. காய்ந்த துண்டை அதே உப்புத் தண்ணீரில் புளி ஊறவைத்து அரைத்த விழுதோடு பிசறி, மிளகாய்ப்பொடியும் காய்ச்சின எண்ணெயும் சேர்த்தால் அது ஒரு வருடத்துக்கு நிற்கும். தொக்கைவிட எனக்கு அதுதான் பிடிக்கும், துண்டு பல்லில் படும்.


பெரியகுளத்து_மாணவன் எழுதியது:

அத்தை சொல்வது சரி. பூண்டில் புளிப்பே கிடையாது. பச்சைப் பூண்டை எண்ணெய்க்குள் காற்றுப் படாமல் அடைத்து வெளியில் வைத்தால் பொட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தருகிற நஞ்சை உண்டாக்குகிற கிருமி அதில் வளர வாய்ப்பு உண்டு. கண்ணுக்கோ மூக்குக்கோ தெரியாது. புளிப்பு போதுமான அளவு இருந்தால் அந்தக் கிருமி வளராது, புளிப்பை அளக்கிற பி.எச். அளவு 4.6க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது கணக்கு (இந்த எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்). தக்காளிக்காய் பழத்தைவிடப் புளிப்பு அதிகம், கூடவே புளியும் உப்பும் சேர்கிறது, அதனால் இந்தத் தொக்குக்குப் பயமில்லை. ருசிக்காகப் புளியைக் குறைக்காதீர்கள், அது காவல் வேலையும் பார்க்கிறது. பூண்டு வேண்டும் என்றால் சாப்பிடுகிற அன்று தனியாகத் தாளித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.


கிணற்றடி_மகள் எழுதியது (பன்னிரண்டு நாள் கழித்து):

எல்லோருக்கும் பதில் சொல்லாமல் இருந்ததற்கு மன்னியுங்கள், வேலைக்குத் திரும்பிவிட்டேன். நேற்று இரவுதான் மறுபடி ஊருக்கு வந்தேன்.

தம்பி, மருந்தைப் பற்றி அப்பாவிடம் கேட்டேன். கடைசியாக அடித்தது வேப்பங்கொட்டைக் கரைசல். கடையில் வாங்கின மருந்து அடித்து 23 நாள் ஆகியிருந்தது. டப்பாவைத் தேடி எடுத்து, போட்டிருந்த நாளைக் கண்ணாடி போட்டுப் படித்து உறுதி செய்துகொண்டார். நீங்கள் சொன்னபடி பிஞ்சுப் பெட்டியைத் திரும்பக் கிளறினோம். தோள் கரும்பச்சையாக இருந்ததால் தவறாக ஒதுக்கின முற்றின காய் அதில் இரண்டு கிலோவுக்கு மேலே கிடைத்தது.

செங்காய் ஐந்து நாளில் பழுத்துவிட்டது. வியாபாரி எடுத்துக்கொண்டார். முற்றின காயில் 12 கிலோவை உள்ளறையில் தினத்தாளில் பரப்பி, நடுவில் வாழைப்பழம் வைத்தோம். இன்றைக்குப் பார்த்தால் முக்கால்வாசி சிவந்துவிட்டது. செடியில் பழுத்த ருசி இல்லை, ஆனால் ரசத்துக்கும் குழம்புக்கும் ஒரு குறையும் இல்லை. மேலூர் அண்ணனுக்கு எட்டுக் கிலோ மாட்டுத்தாவணி வழியாகப் பஸ்ஸில் அனுப்பினேன், கிடைத்தது என்று சொன்னார். மிச்சத்தில் ஆறு கிலோவைத் தொக்கு கிளறினேன், மூன்று மூன்று கிலோவாக இரண்டு தடவை. முதல் தடவை எண்ணெய் பிரிவதற்கு முன்னாலேயே கை வலித்து இறக்கிவிட்டேன். அப்புறம் அத்தை எழுதியதை மறுபடி படித்துவிட்டு, திரும்ப அடுப்பில் ஏற்றி இன்னும் முக்கால் மணி நேரம் கிளறினேன். இப்போது ஏழு புட்டி அலமாரியில் இருக்கிறது. உப்புக்காய் ஜாடி ஆறு நாள் காத்திருந்தது, அப்புறம் மூன்று நாள் நல்ல வெயில் அடித்தது, அப்பாவே மாடியில் காயப் போட்டு எடுத்து வைத்திருக்கிறார்.

துவையலைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அத்தை சொன்னபடியே அம்மியில் அரைத்தேன். அப்பா களியில் தொட்டுச் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்கம்மா கொள்ளு வறுத்துப் போடுவா" என்றார். எனக்கு உடனே அந்த வாசனை வந்துவிட்டது. இருபது வருடமாக அது கொள்ளு என்று எனக்குத் தெரியவே தெரியாது. மறுநாள் உளுந்தை எடுத்துவிட்டுக் கொள்ளு இரண்டு கைப்பிடி வறுத்துப் போட்டு அரைத்தேன். அப்பா இரண்டாவது உருண்டை களி கேட்டு வாங்கினார். பெரியம்மாவும் வந்து ஒரு கிண்ணத்தில் வாங்கிக்கொண்டு போனார்.

அத்தை, கொள்ளு எவ்வளவு நேரம் வறுக்க வேண்டும்? இரண்டு கைப்பிடி சரியா? எனக்குக் கொஞ்சம் கடுக்கென்று பல்லில் தட்டியது.


பரவை_அத்தை எழுதியது:

உங்கள் பக்கம் மானாவாரி நிலம், கொள்ளு விளைகிற ஊர். எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும் தாயி.

அரைக் கிலோ காய்க்கு ஒரு கைப்பிடி போதும். எண்ணெய் விடாமல் சின்னத் தீயில் வறு, படபடவென்று வெடித்து நிறம் ஒரு படி கூடினதும் இறக்கு, ஏழெட்டு நிமிடம் ஆகும். சூடு ஆறினதும் முதலில் கொள்ளை மட்டும் தனியாக ரவை பதத்துக்குப் பொடித்துக்கொள், அப்புறம்தான் மிளகாயும் காயும். அரைத்த உடனே சாப்பிடாமல் அரை மணி நேரம் மூடி வை, கொள்ளு ஈரத்தை இழுத்துக்கொண்டு மெத்தென்று ஆகிவிடும், பல்லில் தட்டாது.

ஜாடித் துணியை வாரம் ஒரு தடவை மாற்று. புட்டியில் ஈரக் கரண்டி விடாதே என்று அப்பாவிடமும் சொல்லி வை.